புதுப்பிப்பு: இலை உதிர்ந்த என் முதல் போன்சாய் துளிர்த்துவிட்டது

பெயர் தெரியாமல் வாங்கிய போன்சாய் (தொட்டியில் வளர்க்கும் குட்டை மரம்), தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளாகி உதிர்கிறது என்று இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இலையைக் கிள்ளினேன், வெள்ளைப் பால் கசிந்தது. நீங்கள் சொன்னதுபோல் ஆல், அத்தி இனமான ஃபைகஸ்தான். அடிமரம் கிழங்காக உப்பியிருப்பதால் அதில் மைக்ரோகார்பா என்ற வகை, நம்மூர் இச்சி. ஹாலிலிருந்து வெயில் படும் பால்கனிக்கு மாற்றிவிட்டேன்.

காப்பாற்றியது "தண்ணீரை நிறுத்தி வேரைப் பாருங்கள்" என்ற யோசனை. மேலே பசையால் ஒட்டியிருந்த கூழாங்கற்களை ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்ததுமே புளித்த நாற்றம். உள்ளே ஈரக் களிமண், அடித்துளையும் அடைத்திருந்தது. கறுத்து அழுகிய வேர்களை வெட்டி, செங்கல் துண்டு, ஆற்றுமணல், கொஞ்சம் மண்புழு உரம் கலந்து நட்டேன். இப்போது விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். மூன்றாம் வாரம் துளிர் வந்தது. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

எதிர்பாராதது ஒன்று: புது இலைகள் நெடுக்காக மடிந்தன. பிரித்தால் உள்ளே எள்ளைவிடச் சிறிய கறுப்புப் பூச்சிகள், இலைப்பேன். மடிந்ததையெல்லாம் கிள்ளிப் பையில் கட்டி எறிந்தேன். அப்புறம் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து வாரம் ஒருமுறை மாலையில் தெளிக்கிறேன். கடைசியாக வந்த ஆறு இலைகளும் விரிந்தே இருக்கின்றன.