30 மீட்டர் ஓட்டச் சோதனை: பத்து நாளில் 0.3 நொடி குறையுமா?

கேள்வி:
வணக்கம். அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். தொடரோட்ட அணிக்கு மாணவியரைத் தேர்ந்தெடுக்க 30 மீட்டர் ஓட்டச் சோதனை வைத்தேன். முதல் முறை உதவியாளர் தொடக்கக் கோட்டில் கிளாப் (இரு பலகைகளைச் சேர்த்துத் தட்டி ஒலியெழுப்பும் கருவி) அடிக்க, நான் முடிவுக் கோட்டில் நின்று, பலகைகள் சேர்வதைக் கண்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். பத்து நாள் கழித்து உதவிக்கு ஆள் இல்லாததால், அவரவர் விருப்பம்போல் புறப்படச் சொல்லி, பின்கால் தரையை விட்டு எழுந்ததும் அழுத்தினேன். முன்பு 4.9 நொடி எடுத்த மாணவிக்கு இப்போது 4.6 வந்தது, ஏறக்குறைய எல்லோருக்கும் இப்படியே குறைந்திருக்கிறது. இதை முன்னேற்றம் என்று பதிவேட்டில் எழுதலாமா?

பதில்:
எழுத வேண்டாம், ஐயா. கிளாப் முறையில் மாணவிக்கும் உங்களுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சைகை கிடைப்பதால், அவர் புறப்பட எடுக்கும் தாமதமும் உங்கள் விரலின் தாமதமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. இரண்டாம் முறையிலோ, பின்கால் எழுவதற்கு முன்பே உடல் முன்னோக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. பின்கால் எழுந்ததைக் கண் கண்டு விரல் அழுத்துவதற்குள் மேலும் 0.2 நொடி போய்விடும். முடிவுக் கோட்டில் அவர் நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அங்கே இவ்வளவு தாமதம் நேராது. குறைந்தது ஓடிய நேரமன்று, அளந்த நேரம். 100 மீட்டர் கைநேரத்துடன் (ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்தி அளந்த நேரம்) 0.24 நொடி சேர்க்கும் தடகள வழக்கம் துப்பாக்கி ஒலியுடன் தொடங்கும் பந்தயத்துக்குரியது. அதை இங்கே போட்டுச் சரிக்கட்ட முடியாது.

கேட்டவர்:
நன்றி. நேரத்தைத் தானாக அளக்கும் ஒளிக்கதிர்க் கருவி வாங்கப் பள்ளியில் நிதி இல்லை. நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசி மட்டும் இருக்கிறது.

பதில்:
அதுவே போதும். 15 மீட்டர் குறிக்கு நேரே, ஓடுபாதையிலிருந்து 15 மீட்டர் விலகிக் கைப்பேசியை முக்காலியில் நிறுத்துங்கள். இரண்டு கம்புகளைப் பாதைக்கு ஒரு மீட்டர் இப்பால், கைப்பேசி இருக்கும் பக்கத்தில், 0, 30 குறிகளில் அல்லாமல் 1, 29 மீட்டர் குறிகளில் நடுங்கள். கைப்பேசி சாய்வாகப் பார்ப்பதால், இடுப்பு அந்தக் கம்பை மறைக்கும்போதுதான் மாணவி உண்மையான கோட்டில் இருப்பார். முன்கால் தொடக்கக் கோட்டுக்கு 50 சென்டிமீட்டர் பின்னே இருக்கட்டும். சில பிள்ளைகள் பின்னுக்குச் சாய்ந்து ஊசலாடிவிட்டு எழுவார்கள். அந்த ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரு கம்புகளுக்கும் இடையிலான படங்களை எண்ணி 240ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும்.

கேட்டவர்:
இரண்டாம் பட்டியலைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. முதல் பட்டியலில் 0.1 நொடியில் வாய்ப்பை இழந்த இரு மாணவியரையும் மறுசோதனைக்கு அழைத்திருக்கிறேன்.