சுங்கை சிப்புட்டிலிருந்து அக்ரக்ஸ் இரண்டாகப் பிரியவில்லை: ஐபீஸை மாற்ற வேண்டுமா?

செம்பனைச்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இன்று பாதி செம்பனையும் பாதி தாமானுமாக (குடியிருப்புப் பகுதியுமாக) மாறிவிட்ட பகுதியில் நாங்கள் குடியிருக்கிறோம். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் என் மகளுக்காக, 130 மில்லிமீட்டர் ஆடியும் 650 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட, மேசைமேல் வைத்துப் பார்க்கக்கூடிய டாப்சோனியன் (சுழலும் அடித்தட்டின்மேல் நிற்கும்) தொலைநோக்கி ஒன்றை வாங்கினோம். அதனுடன் 25 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று இரண்டு ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைகள்) வந்தன. நிலாவின் பள்ளங்களும் வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்களும் நன்றாகவே தெரிகின்றன. ஆனால் செம்பனை ஆலையின் விளக்குகளும் தெருவிளக்குகளும் வானத்தை வெளுக்கச் செய்துவிடுவதால், மங்கலான நெபுலாக்களைத் தேடித் தேடி அலுத்துப்போய், வெளிச்சத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாத இரட்டை விண்மீன்களின் பக்கம் திரும்பினோம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தென் சிலுவையின் அடியில் இருக்கும் அக்ரக்ஸ், ஏறத்தாழ 4 விகலை (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கே விகலை) இடைவெளியில் நிற்கும் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் என்று படித்தோம். எங்கள் ஆடியின் அளவுக்கு ஒரு விகலை வரை பிரித்துக் காட்டும் திறன் உண்டு என்பதும் கணக்கு. ஆனால் 10 மில்லிமீட்டர் ஐபீஸில் எங்களுக்குத் தெரிவதெல்லாம், ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் நீலமும் ஒட்டிக்கொண்டு, ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்கும் ஓர் ஒளிக்கட்டிதான். கன்னி ராசியில் உள்ள பொரிமாவும் சற்று நீண்ட ஒற்றை விண்மீனாகவே தெரிகிறது. வீட்டு முன்புறத்துச் சிமெண்டுத் தரையில் தொலைநோக்கியை வைத்து, எதிர்வரிசை வீடுகளின் கூரைக்கு மேலாகத் தெற்கே பார்க்கிறோம். கூடுதல் உருப்பெருக்கத்துக்காக 5 மில்லிமீட்டர் ஐபீஸ் வாங்கலாமா, அல்லது கருவியிலேயே குறை இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கிந்தா_வானம் எழுதியது:

வணக்கம் சகோதரி. ஐபீஸை இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கேள்விக்குள்ளேயே மூன்று தனித்தனிக் காரணங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பணத்தைச் செலவழித்தால், இப்போது தெரியும் அதே ஒளிக்கட்டி இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் இடத்தைப் பாருங்கள். சுங்கை சிப்புட் ஏறத்தாழ 5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அக்ரக்ஸ் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 63 பாகையில் இருக்கிறது. எனவே நம் ஊரிலிருந்து அது மிக உயரமாக ஏறும் நேரத்திலும் தொடுவானத்திலிருந்து 22 பாகையைத் தாண்டாது. அந்த உயரத்தில், தலைக்கு மேலே பார்ப்பதைவிட இரண்டரை மடங்குக்கும் கூடுதலான காற்றைக் கடந்துதான் ஒளி உங்கள் ஆடிக்கு வருகிறது. நீங்கள் கண்ட சிவப்பும் நீலமும் கருவியின் குறை அல்ல. காற்றே ஒரு முப்பட்டகம்போல நிறங்களைப் பிரித்து, விண்மீனைச் செங்குத்தாக நீட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, பகல் முழுவதும் வெயிலை வாங்கிய சிமெண்டுத் தரையிலிருந்தும் எதிர்வீட்டுச் சுவர்களிலிருந்தும் எழும் வெப்பக்காற்றின் வழியாகவே பார்க்கிறீர்கள். தரையிலிருந்து இறங்கி, புல் உள்ள திடலின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஒரு மாற்றமே கொதிப்பைப் பாதியாகக் குறைத்தாலும் வியப்பதற்கில்லை.

ஆனால் பொரிமா வேறு கதை. அது ஏறத்தாழ நம் தலைக்கு மேலேயே செல்வதால் காற்றின்மீது பழி போட முடியாது. அதன் இரு விண்மீன்களும் ஒரே பிரகாசம் உடையவை. இடைவெளியும் இப்போது 3 விகலையைத் தாண்டிவிட்டது. அது நீண்டு தெரிகிறது என்றால், எனக்கு ஐயம் எழுவது ஆடிகளின் சீரமைப்பில்தான். உங்கள் கருவியின் குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் 5 வருகிறது. இத்தகைய குறுகிய குழாய்களில் ஆடிகள் சிறிது விலகினாலும் விண்மீன் வால் முளைத்ததுபோல் ஆகிவிடும். காரில் ஏற்றி இறக்கினாலே விலகக்கூடியது இது. சோதிப்பதும் எளிது: உயரத்தில் உள்ள பிரகாசமான ஒரு விண்மீனைக் காட்சியின் நடுவில் நிறுத்தி, குவியத்தைச் சற்றே கலைத்துப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக விரியும் வளையங்களின் நடுவே குழாயின் வாயருகே உள்ள சிறிய துணை ஆடியின் கருநிழல் சரியாக மையத்தில் இருந்தால் குறையில்லை. நிழல் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால், குழாயின் அடியில் உள்ள திருகுகளை ஒவ்வொன்றாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் விண்மீனை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே பார்க்க வேண்டும்.

எது காற்று, எது ஆடி என்று ஐயமின்றி அறிய, நம் ஊரின் இருப்பிடமே ஒரு வசதியைத் தருகிறது. மே மாத நடுவில், இரவு பத்தேகாலிலிருந்து பதினொன்றே கால் மணிக்குள், வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கு வரை மனத்தில் ஒரு கோடு போடுங்கள். அக்ரக்ஸும் பொரிமாவும் சில நிமிட வேறுபாட்டில் அந்தக் கோட்டைக் கடக்கின்றன; முக்கால் மணி நேரம் கழித்து, வடக்கே 40 பாகை உயரத்தில் மிசார், அதாவது நம் வசிட்டர், வந்து சேர்கிறது. மிசாரின் இடைவெளி 14 விகலைக்கும் சற்று அதிகம். 1617-ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் பெனெடெட்டோ கஸ்டெல்லி இரண்டாகக் கண்ட விண்மீன் அது. அன்றைய தொலைநோக்கிக்குப் பிரிந்தது உங்களுடையதற்குப் பிரியாமல் போகாது. மிசார் பிரிந்து பொரிமா பிரியாவிட்டால் ஆடியைப் பாருங்கள். பொரிமாவும் பிரிந்து அக்ரக்ஸ் மட்டும் அடம்பிடித்தால் குற்றவாளி காற்றுதான். வேறோர் இரவுக்குக் காத்திருங்கள். வடக்கே ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அக்ரக்ஸ் கிடையாது. தெற்கே மெல்பர்னில் இருப்பவர்களுக்கு மிசார் கிடையாது. நமக்கு இரண்டும் ஒரே இரவில் கிடைக்கின்றன.

பால்மரம் எழுதியது:

மேலே ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஐபீஸ் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். 10 மில்லிமீட்டரில் உங்களுக்குக் கிடைப்பது 65 மடங்கு உருப்பெருக்கம். 4 விகலையை 65-ஆல் பெருக்கினால் நாலரைக் கலைக்கும் (60 விகலை ஒரு கலை) குறைவு. பழகிய கண்ணுக்கு அது போதும். ஆனால் அக்ரக்ஸைப்போல் கண்ணைக் கூசவைக்கும் இரண்டு விண்மீன்களைப் பழகாத ஒருவர் அந்த அளவில் பிரித்துப் பார்ப்பது கடினம். ஒரு விகலைக் கணக்கையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 116-ஐ மில்லிமீட்டர் விட்டத்தால் வகுக்கும் அந்த விதியை வகுத்த ஆங்கில வானியலாளர் டாஸ், ஆறாம் பிரகாச அளவை ஒட்டிய (வெறுங்கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவு மங்கலான), சமமான இரு விண்மீன்களை வைத்தே அதைச் சொன்னார். எனவே ஆடிகளைச் சரிசெய்த பிறகு, 5 மில்லிமீட்டர் ஐபீஸுக்குப் பதிலாக ஐபீஸுக்கு முன் செருகி உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் 2 மடங்கு பார்லோ வில்லை ஒன்றை வாங்குங்கள். இருக்கும் இரண்டு ஐபீஸ்களும் நான்காகப் பயன்படும். 10 மில்லிமீட்டருடன் சேர்த்தால் 130 மடங்கு கிடைக்கும்.

இன்னொன்று, தொலைநோக்கியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குளிர்சாதன அறையில் இருந்தால், வெளியே கொண்டுவந்த உடனேயே நம் ஊர் ஈரக்காற்று ஐபீஸின் மீதும் துணை ஆடியின் மீதும் பனிபோலப் படிந்துவிடும். துணியால் துடைக்காதீர்கள், துடைத்தால் பூச்சில் கீறல் விழும். காற்றாடி மட்டும் உள்ள அறையில் வைத்திருந்து, பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். பார்த்து முடித்ததும் ஈரத்தோடு மூடிபோட்டு அடைக்கவும் கூடாது. இங்கே கருவிகளைக் கொல்வது தூசியல்ல, பூஞ்சணம். கண்ணாடியில் சிலந்தி வலைபோல அது ஒருமுறை பரவிவிட்டால், சுத்தம் செய்தாலும் பூச்சில் தழும்பு இருந்துகொண்டேதான் இருக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் ஐபீஸ்களை வைத்து, ஜெல்லின் நிறம் மாறும்போதெல்லாம் வறுத்து மீண்டும் பயன்படுத்துங்கள்.

உச்சிவட்டம் எழுதியது:

ஒரு சிறு திருத்தம். பொரிமா நேர் உச்சிக்கு வரும் நேரத்தில் டாப்சோனியனில் அதைத் தொடர்வது பெரும் தொல்லை. குழாய் 84 பாகை உயரத்தில் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும்போது, பக்கவாட்டில் சிறிதளவு நகர்த்தவும் அடித்தட்டையே வெகுதூரம் சுழற்ற வேண்டியிருக்கும். அதோடு, வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள விண்மீன்கள்தாம் காட்சியில் மிக வேகமாக நகர்கின்றன; நொடிக்கு 15 விகலை. அக்ரக்ஸ் அதில் பாதி வேகத்தைக்கூட எட்டுவதில்லை. ஆகவே பொரிமாவை உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள். அப்போதும் அது 65 பாகைக்கு மேலேயே இருக்கும், கழுத்தும் வலிக்காது. சித்திரை விண்மீனிலிருந்து வடமேற்கே தேடினால் கிடைக்கும்.

மகள் உடன் இருக்கிறாள் என்பதால், கடினமானவற்றோடு மல்லுக்கட்டுவதற்கு முன் எளிதாகப் பிரிந்து மனத்தைக் கவரும் சிலவற்றைக் காட்டுங்கள். விருச்சிகத்தின் தலைப்பகுதியில் உள்ள பீட்டா, 13 விகலைக்கும் மேற்பட்ட இடைவெளியுடன் 65 மடங்கிலேயே அழகாகப் பிரியும். அங்கேயே இருக்கும் கேட்டையை, அதாவது அன்டாரிஸை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள். செந்நிறப் பெருவிண்மீனின் ஒளிவெள்ளத்தில் அதன் சிறிய துணை மூழ்கிக் கிடக்கும், அதைப் பிடிப்பதற்கு மிக அமைதியான காற்று வேண்டும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வடக்கே அல்பிரியோவைக் காட்டினால், பொன்னிறமும் நீலமுமாக 35 விகலை இடைவெளியில் நிற்கும் அந்த இணையைப் பார்த்த பிறகு உங்கள் மகள் தொலைநோக்கியை உங்களிடம் தரமாட்டாள். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஓரியனுக்குக் கிழக்கே மோனோசெரோஸ் என்னும் விண்மீன் தொகுதியின் பீட்டாவைத் தேடுங்கள். 1781-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த மூன்று விண்மீன்களின் கூட்டம் அது. 65 மடங்கில் இரண்டாகவும், 130 மடங்கில் மூன்றாகவும் தெரிய வாய்ப்புண்டு.

புகைமூட்டம் உள்ள இரவுகளையும் வீணாக்க வேண்டாம். மெல்லிய புகை மங்கலானவற்றை மறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அத்தகைய இரவுகளில் காற்று பெரும்பாலும் அசையாமல் நிற்பதால், பிரகாசமான இரட்டைகள் ஊசிமுனைபோல் கூர்மையாகத் தெரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் வீட்டுக்குள் இருப்பதே நல்லது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

செம்பனைச்சாலை எழுதியது:

மூவருக்கும் நன்றி. குவியத்தைக் கலைத்துப் பார்த்ததில் நிழல் மையத்தில் இல்லை. திருகுகளைச் சரிசெய்த பிறகு, திடலோரத்திலிருந்து பார்த்தபோது, பார்லோ இல்லாமலேயே பொரிமா இரண்டு மஞ்சள் புள்ளிகளாகப் பிரிந்துவிட்டது. மிசாருக்கு அருகில் அருந்ததியும் ஒரே காட்சியில் தெரிந்ததில், திருமணத்தன்று பட்டப்பகலில் ஐயர் கைகாட்டிய திசையில் நாங்கள் பார்த்துத் தலையாட்டிய கதையைச் சொல்லி வீட்டில் சிரித்தோம். அக்ரக்ஸ் சில நொடிகள் பிரிவதும் மீண்டும் கலங்குவதுமாக இருக்கிறது. இப்போது மகளின் கேள்வி: இந்த இணைகள் ஒன்றையொன்று உண்மையாகவே சுற்றுகின்றனவா, சுற்றினால் அந்த நகர்வை எங்கள் தொலைநோக்கியிலேயே காண முடியுமா?

கிந்தா_வானம் எழுதியது:

முடியும், ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. அக்ரக்ஸின் சுற்றுக்கு ஒரு வாழ்நாள் போதாது. பொரிமாவின் சுற்று ஏறத்தாழ 169 ஆண்டுகள். 2005-இல் இரண்டும் அரை விகலைக்கும் குறைவாக நெருங்கி, பெரிய தொலைநோக்கிகளுக்கே சவாலாக இருந்தன. இன்று உங்கள் சிறிய குழாயில் பிரிகின்றன என்பதே அந்த நகர்வுக்குச் சான்று. இவை வெறும் தற்செயல் அண்டைகள் அல்ல, ஈர்ப்பால் பிணைக்கப்பட்டவை என்பதை 1803 வாக்கில் ஹெர்ஷல் தம் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அளவீடுகளிலிருந்தே காட்டினார்.

உங்கள் மகள் கண்ணெதிரே நகர்வைக் காண விரும்பினால், தெற்கே ஆல்ஃபா சென்டாரியைத் தேர்ந்தெடுக்கட்டும். 1689-ஆம் ஆண்டு டிசம்பரில், புதுச்சேரியில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த பாதிரியார் ழான் ரிஷோ, அது இரண்டு விண்மீன்கள் என்பதைக் கண்டார். நம் ஊரைப்போலவே தென்வானம் தாழ்ந்து தெரியும் தமிழ் மண்ணிலிருந்து நிகழ்ந்த கண்டுபிடிப்பு என்பதால் எனக்கு அதன்மீது தனிப் பிரியம் உண்டு. சுற்றுக்காலம் சுமார் 80 ஆண்டுகள். 1976-இல் 22 விகலை அளவுக்கு விலகி நின்றவை, 2016 வாக்கில் 4 விகலைக்குச் சுருங்கி, அதன் பின் மீண்டும் விலகின. ஜூன் நடுவில் இரவு பத்து மணிக்கு மேல் 24 பாகை உயரத்தில் கிடைக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் மாதத்தில், அதே ஐபீஸில் பார்த்து ஒரு நோட்டில் வரையச் சொல்லுங்கள். தொலைநோக்கியைத் தொடாமல் விட்டால் விண்மீன் எந்த விளிம்பில் வெளியேறுகிறதோ அது மேற்கு. குழாயின் வாயை வடக்குப் பக்கமாகச் சற்றே தள்ளும்போது எந்த விளிம்பிலிருந்து புதிய விண்மீன்கள் உள்ளே வருகின்றனவோ அது வடக்கு. அந்த இரண்டு திசைகளையும் முதலில் குறித்துக்கொண்டு, பிரகாசமான விண்மீனை நடுவில் வைத்து, மங்கலானது எந்தப் பக்கம் நிற்கிறது என்று வரைய வேண்டும். திசை குறிக்காத படத்தை அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிட முடியாது.