கணக்குகளில் பென்ஃபோர்ட் விதியை (இயல்பான தொகைகளில் முதல் இலக்கமாக 1 அதிகமாகவும், 9 நோக்கிப் போகப் போகக் குறைவாகவும் வரும் என்பது) போட்டுப் பார்த்த உங்கள் அனுபவம்?

கல்லடி:
அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு அரிசி ஆலைக் கம்பனி. கணக்காய்வுக்குப் போன இரண்டாம் நாள், நெல் கொள்வனவுத் தொகைகளை எக்செலில் போட்டு முதல் இலக்கம் எடுத்தேன். 4 வர வேண்டியது 9.7 வீதம், வந்தது 22. பிரித்துப் பார்த்தால் 48,500, 49,200, 49,750 என்று வரிசையாக நிற்கிறது. முகாமையாளர் தனியாகக் கையெழுத்து வைக்கிற எல்லை 50,000. வவுச்சர் பெட்டியை இறக்கினேன். ஏழு விவசாயிகள், ஏழு கையெழுத்து, ஆனால் மை ஒன்று. 9இன் வால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இடப்பக்கம் சுருண்டிருந்தது. குறிப்பு எழுதிக் கொடுத்தேன். இறுதி அறிக்கையில் அது இல்லை.

கல்முனை:
தம்பி, இலக்கம் கூடினால் கள்ளம் என்று முடிவெடுக்காதீங்க. நான் எடுத்தேன். ஒரு ஐஸ் கம்பனியில் லொறிக் கூலி எல்லாம் 7இல் தொடங்கியது. கணக்கெழுதும் அக்காவிடம் எல்லாருக்கும் முன்னால் "காசு எங்கே போகுது?" என்று கேட்டுவிட்டேன். அவ பேசாமல் லாச்சியைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்து வைத்தா: ஒரு ஓட்டத்துக்கு 7,500, வருஷம் முழுக்க அதே விலை. தாளைத் தள்ளும்போது அவட கை நடுங்கினது இன்னும் கண்ணுக்குள் நிற்குது.

ஏறாவூர்:
என்னுடையது சின்னது. ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையில் இலாபம் 20.1 மில்லியன், முந்தைய வருஷம் 10.2. இரண்டிலும் இரண்டாம் இலக்கம் 0. நெருடியது, அவ்வளவுதான்.

ஆனால் கல்லடித் தம்பிக்கு ஒன்று. அறிக்கை இலாபம் என்றால் இரண்டாம் இலக்கத்தைப் பாருங்கள். இயல்பாக 0 சுமார் 12 வீதம், 9 சுமார் 8.5 வீதம் வரவேண்டும். 1988இல் கார்ஸ்லோ என்ற ஆய்வாளர் நியூசிலாந்துக் கம்பனிகளைப் பார்த்தபோது 0 மிஞ்சி 9 குறைந்திருந்தது. 19.8ஐ எப்படியாவது 20க்கு மேலே தள்ளிவிடுகிற ஆசை. 1989இல் தோமஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் பார்த்தார். இலாபத்தில் அதே கதை, நட்டத்தில் தலைகீழ். அதெல்லாம் நூற்றுக்கணக்கான கம்பனிகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒரு கம்பனியின் இரண்டு வருஷ இலாபத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, என் நெருடலும் அந்த வகைதான். ஒரே கம்பனி என்றால் பேரேட்டுப் பதிவுகளுக்குப் போங்கள், நிலையான விலைகளை முதலில் கழியுங்கள். கல்முனை அண்ணன் சொன்னதும் அதுதானே. உங்கள் குறிப்பின் பிரதி இருக்கிறதா?

கல்லடி:
இருக்கிறது. கல்முனை அண்ணே, நெல் விலை நாளுக்கு நாள் மாறும், அதனால்தான் அந்த ஏழு பேரையும் தேடிப் போனேன். இரண்டு பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒருவர் இரண்டு போகமாக விதைக்கவே இல்லையாம். வவுச்சரில் இருந்த தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் இப்படி எழுதமாட்டேன் தம்பி" என்றார்.