பாசி வடிகட்டியோடு கார்பன்: மூன்று வாரம் கழித்து ஒரு புதுப்பிப்பு

பெங்களூரு வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் பாசி வடிகட்டி (பாசியை வளர்த்து, கழிவிலிருந்து சேரும் நைட்ரேட், பாஸ்பேட்டை அதை உறிஞ்சவைக்கும் அமைப்பு) வைத்த பிறகு தண்ணீர் மஞ்சளாகிறதே, ஆக்டிவேட்டட் கார்பன் (நிறத்தைப் பிடிக்கும் கரித்துகள்) சேர்க்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சேர்த்துவிட்டேன். 200 லிட்டருக்கு வெறும் 2 மேசைக்கரண்டி, ஆர்ஓ தண்ணீரில் கறுப்புத் தூள் நிற்கும்வரை அலசி, வலைப்பையில் கட்டி, சம்ப்பில் (வடிகட்டும் சாமான்கள் இருக்கும் துணைத் தொட்டி) தண்ணீர் பாயும் இடத்தில் வைத்தேன். நான்காம் நாள் வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்த்தால் மஞ்சளே இல்லை! நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுப்பது பாசி, கார்பன் அவற்றைத் தொடுவதில்லை. பாசி கசியவிடும் நிறத்தைத்தான் அது பிடிக்கிறது, அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. ஆனால் தண்ணீர் தெளிந்ததும் வெளிச்சம் ஆழமாக இறங்கி என் அக்ரோபோரா பவளம் ஒன்றின் நுனி வெளுத்துவிட்டது, பாவம். விளக்கைக் குறைத்த பிறகு மெல்ல நிறம் திரும்புகிறது. நீங்கள் போடுவதாக இருந்தால் முதல் நாளே விளக்கைக் குறைத்துவிடுங்கள்.