தானே விழுந்து முளைக்கும் பூச்செடிகள் – தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் யாராவது வளர்க்கிறீர்களா?

சாட்ஸ்வொர்த் வாசி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆயா வீட்டில் யாரும் பூ விதை வாங்கியதில்லை. கோடை மழை தொடங்கியதும் செண்டுமல்லியும் காசித்தும்பையும் தானாக எழும்பும். தைப்பூசக் காவடிக்கு அந்தப் பூதான். அதே மாதிரி ஒரு பாத்தி எனக்கும் வேண்டும் என்று ஆசை. போன வருடம் கடையில் நாற்று வாங்கி வைத்தேன், நன்றாகவே பூத்தது. இந்த அக்டோபர் மழைக்குக் காசித்தும்பை மட்டும் முளைத்திருக்கிறது. செண்டுமல்லி ஒன்றுகூட இல்லை, ஏன்? வாடிய பூவை எல்லாம் கிள்ளிவிடுவோம், பாத்தி மேல் மரப்பட்டைத் தூள் போட்டிருக்கிறோம்.

டொங்காட் தோட்டக்காரி:
தம்பி, காசித்தும்பை உங்களைக் கேட்காது. காய் முற்றினால் தானே வெடித்து விதையைத் தெறித்துவிடும். செண்டுமல்லி அப்படி இல்லை. பூ வாடி, காம்பு வரை பழுப்பாகக் காய்ந்த பிறகுதான் விதை முற்றும். அதற்கு முன்னே கிள்ளிவிட்டால் மண்ணுக்கு என்ன போய்ச் சேரும்?

நம் கடற்கரைப் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. ஜனவரி, பிப்ரவரி மழையிலும் புழுக்கத்திலும் பூத்தலை செடியிலேயே பூசணம் பிடித்து அழுகிவிடும். அந்த விதையை நான் நம்புவதே இல்லை. மார்ச்சுக்கு மேல் மழை குறையும் பாருங்கள், ஏப்ரல், மே மாதம் காய்கிற பூ, அதுதான் விதைக்கு. அந்தச் சமயத்தில் நல்ல செடிகளைத் தொடாமல் விடுங்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும், பரவாயில்லை. காய்ந்த தலையைப் பிரித்தால் ஊசி மாதிரி கறுப்பு விதை இருக்கும். வெளிறி, நசுங்கினாற்போல் இருப்பது பதர். பாதியை அங்கேயே உதறுங்கள், மீதியைக் காகிதப் பையில் கட்டி உலர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துவிடும்.

அப்புறம் அந்த மரப்பட்டைத் தூள். களை வராமல் இருக்கத்தானே போடுகிறோம்? உங்கள் பூ விதைக்கும் அதே கதிதான். விதை விழுகிற இடத்தை வெறும் மண்ணாக விடுங்கள், முளை தெரியும் வரை கொத்தாதீர்கள்.

கடை நாற்று பெரும்பாலும் எஃப்1 கலப்பினம், அதாவது இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை. சிலவற்றில் விதையே பிடிக்காது. பிடித்தாலும் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. பக்கத்து வீடுகளில், கோவில் தோட்டத்தில் வருடா வருடம் தானாக வருகிற செடி இருந்தால் ஒரு காய்ந்த பூ கேட்டு வாங்குங்கள். தைப்பூசத்துக்குப் பூ வேண்டுமென்றால் இப்போதே தூவிவிடுங்கள். உயர வகை பூக்க இரண்டரை, மூன்று மாதம் ஆகும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசி:
அக்கா சொன்னது கடற்கரைக்குச் சரி. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் உறைபனி உண்டு, அதில் செண்டுமல்லி கருகிவிடும். அதனால் விதையை முன்கூட்டியே எடுத்து வைத்து, பனி போனபின் செப்டம்பரில் போடுகிறோம். நமக்குவாலாந்து டெய்சி என்ற பூச்செடிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது குளிர்கால மழைப் பிரதேசத்துச் செடி, மார்ச், ஏப்ரலில் விதைத்துக் குளிர்காலம் முழுக்க நாம்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பீனிக்ஸ் அண்ணன்:
ஒன்று மட்டும். சாலையோரம் புதராக நிற்கிற மஞ்சள் மெக்சிகோ சூரியகாந்தி அழகாக இருக்கிறதே என்று விதை எடுத்து வந்துவிடாதீர்கள். அது இங்கே சட்டப்படி ஆக்கிரமிப்புத் தாவரம், வளர்க்கக் கூடாது.

சாட்ஸ்வொர்த் வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. காசித்தும்பை ஒரே இடத்தில் நெருக்கமாக முளைத்திருக்கிறது. பிடுங்கி நடலாமா?

டொங்காட் தோட்டக்காரி:
தாராளமாக. நாலு இலை வந்ததும், சாயங்காலத்தில், வேரோடு மண் சேர்த்து எடுங்கள். ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டு, இரண்டு நாள் நிழல் கொடுங்கள்.