இரண்டு நிறப் பின்னலில் ஃப்ளோட் இழுத்துப் பிடிக்கிறது: அடிக்கடி மாட்டினால் சரியாகுமா?

வெள்ளைப்பந்து

வணக்கம். வட்ட ஊசியில் இரண்டு நிறத் தொப்பி ஒன்று போகிறது. வெள்ளைப் பின்னணி, கருநீலத்தில் எட்டு முனை நட்சத்திரம். மொத்தம் 120 ஸ்டிச், 24 ஸ்டிச்சுக்கு ஒரு நட்சத்திரம். ஊசி 4 மி.மீ., நீளம் 40 செ.மீ. நூல் சூப்பர்வாஷ் (இயந்திரத்தில் துவைத்தாலும் ஒட்டிச் சுருங்காதபடி பதப்படுத்தியது) இல்லாத சாதாரணக் கம்பளி.

ஒரே நிறத்தில் போட்ட ஸ்வாட்ச்சில் (அளவு பார்க்கப் போடும் மாதிரித் துண்டு) 10 செ.மீ.க்கு 22 ஸ்டிச் வந்தது. அந்தக் கணக்கில் சுற்றளவு 54 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் வரணும். நட்சத்திரப் பகுதியில் 14 ரவுண்ட் முடித்து அளந்தால் 47தான் இருக்கிறது. கீழே இருக்கும் வெறும் வெள்ளைப் பகுதி விரிந்து நிற்கிறது, நட்சத்திரம் இருக்கிற இடம் கச்சை கட்டிய மாதிரி உள்ளே போகிறது.

சந்தேகங்கள் மூன்று. நட்சத்திரங்களுக்கு நடுவே நீல நூல் 9 ஸ்டிச்சுக்குப் பின்னால் ஃப்ளோட்டாக, அதாவது பின்னப்படாமல் குறுக்கே, ஓடுகிறது. அதை இரண்டு இடத்தில் வெள்ளை நூலில் சிக்கவைத்து மாட்டிக்கொண்டு வருகிறேன். இன்னும் அடிக்கடி மாட்டினால் இழுப்பது குறையுமா? மாட்டிய இடத்தில் வெள்ளைக்கு நடுவே நீலம் எட்டிப் பார்க்கிறது, ஏன்? இதுவரை போட்டதைப் பிரிக்காமல் காப்பாற்ற வழி உண்டா?

பின்பக்கம்பார்

முதல் கேள்விக்கு நேரான பதில்: குறையாது, இன்னும் கூடும். மாட்டுவது நூல் தொங்காமல் இருக்கத்தான். நீளம் போதாத ஃப்ளோட்டுக்கு அது நீளம் தராது. நேராக ஓடவேண்டிய நூல் மாட்டுகிற இடத்தில் ஏறி இறங்குவதால் கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும். ஏற்கெனவே குட்டையான நூலை இரண்டு இடத்தில் மாட்டினால் அந்த இரண்டு இடமும் குழி விழும்.

ஃப்ளோட்டின் நீளம் எப்போது முடிவாகிறது என்று கவனித்துப் பாருங்கள். 9 வெள்ளை போட்டு முடித்து, நீலத்தை எடுத்து முதல் நீல ஸ்டிச்சைப் போடும் அந்த ஒரு நொடியில்தான். அந்த நேரத்தில் வலது ஊசியில் அந்த 9 ஸ்டிச்சும் எவ்வளவு அகலத்துக்கு இருக்கின்றனவோ, அவ்வளவுதான் நூல் கிடைக்கும். 54 செ.மீ. துணியை 40 செ.மீ. ஊசியில் ஏற்றியிருக்கிறீர்கள். ஸ்டிச்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதிலும் ஊசி முனைக்குப் பக்கத்தில் போட்டவை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கும். 9 ஸ்டிச்சுக்கு வேண்டிய அகலம் சுமார் 4 செ.மீ. ஊசியில் அவை 3 செ.மீ. இடத்தில் நின்றால் ஃப்ளோட்டும் 3 செ.மீ.தான். ஊசியிலிருந்து இறங்கியதும் துணி விரியப் பார்க்கும், பின்னால் இருக்கும் நூல் விடாது.

செய்ய வேண்டியது இதுதான். நிறம் மாற்றும் முன், கடைசியாகப் போட்ட ஸ்டிச்சுகளை வலக்கை ஆள்காட்டி விரலால் ஊசியில் பின்னோக்கித் தள்ளி, துணியில் எப்படி இருக்கவேண்டுமோ அந்த அகலத்துக்கு விரித்துவிடுங்கள். பிசைந்து நீட்ட வேண்டாம், இயல்பான அகலம் போதும். விரித்ததை விரலால் பிடித்தபடியே புது நிறத்தின் முதல் ஸ்டிச்சைப் போடுங்கள். போட்டதும் நூலைச் சுண்டி இழுக்காதீர்கள். பலருக்கும் கைப்பழக்கமாகவே வருவது அந்தச் சுண்டுதல்தான். விரித்துவைத்த ஒரு செ.மீ.யை அது திரும்ப வாங்கிவிடும். முதல் நீல ஸ்டிச் தொளதொளவென்று தெரிந்தால் இருக்கட்டும், இரண்டாவது ஸ்டிச் போட்டதும் அது அடங்கிவிடும்.

ரவுண்டுக்கு ஒருமுறை பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சரியான ஃப்ளோட், துணி காயப்போடக் கட்டிய கொடி போல மிக லேசாகத் தொய்ந்திருக்கும். துணியைப் பக்கவாட்டில் இழுத்தால் அந்தத் தொய்வு நேராகிவிடணும், அதற்கு மேல் துணியைத் தடுக்கக் கூடாது. வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தால் குட்டை. விரல் நுழைகிற வளையமாகத் தொங்கினால் அதுவும் தவறு: மிச்ச நூல் இரு முனையிலும் உள்ள ஸ்டிச்சுக்குள் நழுவி, முன்பக்கத்தில் அவை மட்டும் பெருத்துத் தெரியும்.

விரித்துப் பழகும்வரை இன்னொரு வழி துணைக்கு வரும். துணியை உள்வெளியாகத் திருப்பி, ஃப்ளோட் இருக்கும் பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் பின்னுங்கள். குழாயின் உட்புறம் எட்டிப் பார்த்துப் போடுவது போல இருக்கும். நிட் ஸ்டிச்தான், முன்பக்கம்தான் உங்களைப் பார்க்கும், மாற்றமே இல்லை. வழக்கமாகப் போடும்போது நூல் வளைவின் உள்பக்கமாக ஓடும், இப்போது வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகும். வெளிச்சுற்று எப்போதும் நீளம் கூடியது. ஸ்வெட்டர் கை, மிட்டன் (விரல் பிரியாத கையுறை) போன்ற சிறிய சுற்றளவில் இதன் பலன் நன்றாகத் தெரியும். மேஜிக் லூப்பிலோ (நீண்ட வட்ட ஊசியின் கம்பியை வளையமாக வெளியே இழுத்துச் சிறிய சுற்றைப் போடும் முறை) நாலு ஊசியிலோ போடும்போது மூலையில் நூல் குறுக்கு வழியில் வெட்டிக்கொண்டு போவதையும் இது தடுக்கும்.

பிரிக்கலாமா வேண்டாமா என்பதற்கு ஒரு சோதனை: நட்சத்திரப் பகுதியை ஸ்கேலின் மேல் வைத்து முழுசாக இழுத்துப் பிடித்து அளந்து சொல்லுங்கள்.

வெள்ளைப்பந்து

இழுத்தாலும் சுற்றளவு 50ஐத் தாண்டவில்லை. ப்ளாக்கிங் (நனைத்து, அளவுக்கு இழுத்துக் காயவைப்பது) செய்தால் ஏறுமா?

பின்பக்கம்பார்

ஏறாது. நனைக்கும்போது வளைந்த ஸ்டிச்தான் விரிந்து கொடுக்கும். நேராக விறைத்து ஓடும் நூலிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஈரத்தில் இழுத்து ஊசி குத்திக் காயவைத்தாலும் தலையில் போட்ட பிறகு பழையபடி சுருங்கும். இந்த 14 ரவுண்டைப் பிரித்துவிடுங்கள், வருத்தம்தான், ஆனால் வேறு வழியில்லை. பிரிக்கும் முன், கடைசி வெறும் வெள்ளை ரவுண்டில் ஒவ்வொரு ஸ்டிச்சின் வலது காலிலும் மெல்லிய வட்ட ஊசி ஒன்றைக் கோத்துவிடுங்கள். 120 எண்ணிக்கை வந்ததா என்று பார்த்துவிட்டு உருவினால் சரியாக அந்த ஊசியில் வந்து நிற்கும்.

ஒன்றிரண்டு ஃப்ளோட் மட்டும் குட்டையாக இருந்தால் பிரிக்கத் தேவையில்லை. அதே நிற நூலில் ஒரு முழம் எடுத்து, தையல் ஊசியால் ஃப்ளோட்டுக்கு ஒரு பக்கம் 4 ஸ்டிச் மேல் அதே பாதையில் ஓட்டி, வேண்டிய நீளம் விட்டு, மறுபக்கம் 4 ஸ்டிச் ஓட்டுங்கள். பிறகு பழைய ஃப்ளோட்டை நடுவில் வெட்டிவிடலாம். புது நூல் ஓட்டும் முன் வெட்டாதீர்கள். 2 செ.மீ. துண்டைப் பிடித்து எதுவும் செய்ய முடியாது.

இருகைநூல்

மாட்டுவதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், நீலம் எட்டிப் பார்ப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

எத்தனை ஸ்டிச்சுக்கு ஒருமுறை மாட்டணும் என்று ஸ்டிச் கணக்கில் மனப்பாடம் செய்யாதீர்கள், தூரத்தில் கணக்கு வையுங்கள். சுமார் 2.5 செ.மீ. என்பது நல்ல அளவு. உங்கள் 22 ஸ்டிச் துணியில் அது 5 அல்லது 6 ஸ்டிச். மெல்லிய நூலில் 10 செ.மீ.க்கு 32 ஸ்டிச் வந்தால் அதே தூரம் 8 ஸ்டிச். ஆகவே 9 ஸ்டிச் ஃப்ளோட்டுக்கு ஒரே ஒரு முறை, நடுவில், போதும். இரண்டு முறை மாட்டியது வீண். மிட்டனிலும் குழந்தைகளின் ஸ்வெட்டர் கையிலும் விரல் மாட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே இன்னும் நெருக்கமாக வைக்கலாம். ஸ்காட்லாந்தின் ஃபேர் ஐல் தீவு மரபு டிசைன்களில் ஒரு ரவுண்டில் இரண்டு நிறத்துக்கு மேல் வருவதில்லை, ஒரே நிறம் வெகு தூரம் ஓடுவதும் அபூர்வம். மாட்டும் வேலையே குறைவு. பெரிய நட்சத்திரத்தை வெறும் வெள்ளைக்கு நடுவே தனியாக நிறுத்தும்போதுதான் இந்தப் பாடு.

எங்கே மாட்டுவது? ஒரு ரவுண்டில் 5வது ஸ்டிச் என்றால் அடுத்த ரவுண்டில் 3வது, அதற்கடுத்து 6வது, இப்படித் தள்ளித் தள்ளி. ஒரே ஸ்டிச்சுக்கு நேர் மேலே மேலே மாட்டினால் முன்பக்கத்தில் செங்குத்தாக ஒரு கோடு விழும், நீலப் புள்ளிகளும் வரிசை கட்டி நிற்கும். வெள்ளை மேல் கருநீலம் போல வெளிச்சமும் இருட்டுமாக இருக்கும் ஜோடியில் இது ரொம்பவே உறுத்தும். மாட்டிய நூல் விறைப்பாக இருந்தால் வெள்ளை ஸ்டிச்சை விலக்கிக்கொண்டு முன்னால் வரும். விறைப்பைச் சரிசெய்தாலே பாதி புள்ளிகள் மறைந்துவிடும்.

கை வேலை. வெள்ளை வலக்கையிலும் நீலம் இடக்கையிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீலத்தை மாட்ட: வலது ஊசியை ஸ்டிச்சுக்குள் விடும்போதே முனை நீல நூலுக்கு அடியிலும் போகட்டும், அதாவது நீலம் ஊசியின் மேல் படுத்திருக்கும். வெள்ளையைச் சுற்றி, ஸ்டிச் வழியாக வெள்ளையை மட்டும் வெளியே இழுங்கள், நீலம் கூட வந்துவிடக் கூடாது. அடுத்த ஸ்டிச்சை நீலத்தைக் கீழே இறக்கிவிட்டு வழக்கம்போலப் போடுங்கள். அந்த இரண்டாவது ஸ்டிச்தான் பூட்டு. அது இல்லாமல் மாட்டியது நிற்காது.

வெள்ளையை நீலத்துக்குப் பின்னால் மாட்டுவது கொஞ்சம் சுற்றுவழி: ஊசியை ஸ்டிச்சுக்குள் விட்டு, முதலில் வெள்ளையை நிட் போடுவது போல ஊசியைச் சுற்றுங்கள். பிறகு நீலத்தைச் சுற்றுங்கள். இப்போது வெள்ளையை மட்டும் வந்த வழியே திருப்பி அவிழ்த்து, நீலத்தை ஸ்டிச் வழியாக இழுங்கள். அடுத்தது சாதாரண நீல ஸ்டிச். பத்து முறை செய்தால் கை தானாகச் செய்யும்.

கொக்கிஊசி

நான் இதில் கொஞ்சம் மாறுபடுறேன். சூப்பர்வாஷ் இல்லாத கம்பளின்னு சொல்றாங்க. அந்த நூலுக்கு இயல்பாவே ஒட்டுற குணம் உண்டு, நாளாக ஆக ஃப்ளோட் துணியோட சேர்ந்து லேசா படிஞ்சிடும். தொப்பிக்குள்ள விரல் போய் மாட்டப் போறதும் இல்ல. இந்த வெள்ளை-கருநீலத்துல 9 ஸ்டிச்சை மாட்டாமலே விடலாம், புள்ளி வர்ற பிரச்சினையே கிடையாது. வழுக்குற சூப்பர்வாஷ், அக்ரிலிக், பருத்தின்னா இதைச் சொல்லமாட்டேன், அங்க இருகைநூல் சொன்னதுதான் சரி.

தொங்குறது மனசுக்கு ஒப்பலைன்னா முடிச்சப்புறம் குரோஷே கொக்கியால பிடிச்சுக்கலாம். பின்பக்கம், ஒன்றன்மேல் ஒன்றா ஓடுற ஃப்ளோட்டுகள்ல அடியில இருக்கிறதுக்குள்ள கொக்கியை விடுங்க. அதுக்கு மேல இருக்கிறதைக் கொக்கியில பிடிச்சு அது வழியா இழுங்க. இப்படியே ஏணி மாதிரி மேல ஏறி, கடைசி வளையத்தை நூல் வாலால பின்பக்க மேட்டுல ஒரு தையல் போட்டு நிறுத்துங்க. முன்பக்கம் எதுவுமே தெரியாது. ஆனா சங்கிலியா போறதுக்கு நூல் செலவாகும், அதனால ஃப்ளோட்டுகளை வழக்கத்தைவிடத் துளி தாராளமா விட்டிருக்கணும். விறைப்பா இருக்கிற ஃப்ளோட்டுல இதைச் செஞ்சா இப்ப இருக்கிறதைவிட மோசமாகும்.

15 ஸ்டிச்சுக்கு மேல ஓடுற இடம்னா மாட்டுறதும் வேண்டாம், தொங்கவிடறதும் வேண்டாம். ஃப்ளோட் நடுவுல, ரெண்டு வெள்ளைக்கு இடையில, நீலத்துல ஒரு ஸ்டிச் கூட்டிக்குங்க. ஒவ்வொரு ரவுண்டுலயும் அதை நீலத்துலயே போட்டுட்டு வந்தா, ரெண்டு பக்கத்து வெள்ளையும் முன்னால சேர்ந்து அதை மூடிக்கும். தேவை முடிஞ்ச ரவுண்டுல பக்கத்து வெள்ளையோட சேர்த்து ரெண்டை ஒண்ணாக்கிடுங்க. கூட்டின ஸ்டிச்சை 120 கணக்குல சேர்க்காதீங்க, மார்க்கர் போட்டுக்குங்க.

வெள்ளைப்பந்து

பிரித்துவிட்டேன். மறுபடி போடும் முன் ஒன்று: சில ரவுண்டில் நட்சத்திரம் எடுப்பாகவும் சில ரவுண்டில் மங்கலாகவும் இருந்தது. நூலும் இரண்டு பந்துக்கு நடுவே முறுக்கிக்கொண்டே இருந்தது. இதுவும் ஃப்ளோட் விஷயம்தானா?

இருகைநூல்

ஆமாம், இரண்டுக்கும் ஒரே காரணம். பின்பக்கத்தில் ஒரு நிறம் எப்போதும் மேலேயும் மற்றது எப்போதும் கீழேயும் ஓடணும். கீழே ஓடும் நூல் ஊசிக்கு வர அதிக தூரம் ஏறி வருகிறது, அதனால் அதன் ஸ்டிச் துளி பெரிதாக அமைந்து முன்பக்கத்தில் எடுப்பாகத் தெரியும். நட்சத்திரம்தான் கண்ணில் படவேண்டியது, ஆகவே நீலம் கீழே. இரு கையில் பிடித்தால் இடக்கை நூல் தானாகவே கீழே ஓடும். நீலத்தை இடக்கையில் வைத்துக் கடைசிவரை மாற்றாதீர்கள். நடுவில் எழுந்து போய்த் திரும்பி உட்காரும்போதுதான் கை மாறும். உட்கார்ந்ததும் பின்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மேலே ஓடுவது மேலேயே, கீழே ஓடுவது கீழேயே இருந்தால் பந்துகள் முறுக்கிக்கொள்ளாது.

பின்பக்கம்பார்

மறுபடி தொடங்கும் முன், இந்த முறை ஸ்வாட்ச்சை இரண்டு நிறத்திலேயே போடுங்கள். வட்ட ஊசியில் 48 ஸ்டிச், அதாவது இரண்டு நட்சத்திரம். வரிசை முடிந்ததும் திருப்பாமல் ஸ்டிச்சுகளை ஊசியின் மறுமுனைக்கு நகர்த்தி, இரண்டு நூலையும் பின்னால் தாராளமாகத் தொங்கவிட்டு மறுபடி நிட் வரிசையே போடுங்கள். ஓர ஸ்டிச்சுகள் தளர்ந்திருக்கும், நடுவில் மட்டும் அளந்து பாருங்கள். ஃப்ளோட் சரியாக இருந்தும் 22க்குப் பதில் 23, 24 வந்தால், நட்சத்திர ரவுண்டுகளுக்கு மட்டும் 4.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள், முடிந்ததும் 4க்குத் திரும்புங்கள். ஃப்ளோட் விறைத்திருக்கும்போது பெரிய ஊசி உதவாது. ஸ்டிச் பெரிதாகும், பின்னால் ஓடும் நூல் அதே குட்டைதான்.

ஸ்வாட்ச்சை அளக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, தட்டையாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் பின்பக்கம் ஃப்ளோட்டுக்கு அடியில் ஊசி முனையை நுழைத்துப் பாருங்கள். துணி மடங்காமல் முனை உள்ளே போனால் தொப்பியைத் தொடங்கலாம்.