விருந்துக்கு மறுநாள்: மிச்சத்தைத் தட்டில் அடுக்கி ஓவனில் வைத்தவர்களின் அனுபவங்கள்

வெலிங்டன் அக்கா:

கிறிஸ்துமஸ் விருந்துல மிஞ்சினதை மறுநாள் வெறுமனே சூடு பண்ணி வச்சா எங்க வீட்ல யாரும் தட்டுப் பக்கமே வரமாட்டாங்க. ரோஸ்ட் சிக்கன் நார் நாரா இருக்கும், நெய்ச்சோறு விறைச்சுக் கிடக்கும், அவிச்ச பீன்ஸையும் கேரட்டையும் சீண்ட ஆள் இருக்காது. அதையே ஒரு ஆழமான தட்டுல அடுக்கி, வெள்ளை சாஸ் ஊத்தி, ஓவன்ல வச்சு எடுத்தா ரெண்டாவது ரவுண்டுக்குச் சண்டை. டிசம்பர் 26 மதியம்னா எங்களுக்கு இப்படி அடுக்கிச் சுட்ட கேசரோல்தான். மாமியார் இங்க நீலகிரி வெலிங்டன்ல ஒரு பட்டாள அதிகாரி பங்களாவுல சமையல் பார்த்தவங்க, அவங்க கொண்டுவந்த பழக்கம்.

தட்டுல வெண்ணெய் தடவி, அடியில நெய்ச்சோறு பரப்புவேன். சோறு மிஞ்சலன்னா மசிச்ச உருளைக்கிழங்கு. சிக்கனை எலும்பு நீக்கிப் பிச்சு, ரோஸ்ட்ல ஒழுகின கிரேவியிலயே புரட்டி அதுக்கு மேல. அப்புறம் காய், கொஞ்சம் மிளகுத்தூள். சாஸுக்கு ஒரு கப் பாலுக்கு வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, மைதா ஒரு மேசைக்கரண்டி, அவ்வளவுதான். கோயம்புத்தூர்ல இருக்கற என் தங்கச்சி ரெண்டு ரெண்டு கரண்டி போடுவா. அதே அளவை இங்க போட்டா வெளிய எடுக்கும்போது களி மாதிரி இறுகிடுது. இங்க சாஸ் ஊத்தும்போது "ஐயோ, தண்ணியா இருக்கே"ன்னு தோணணும், அப்பதான் சரி.

மேல தூவ ரொட்டித்தூள் வேணாம், மொறுமொறு ஊட்டி வர்க்கி பிஸ்கட் இருக்கே! கையால நொறுக்கிப் போட்டா போதும், அதுலயே கொழுப்பு இருக்கறதால தனியா வெண்ணெய் விட வேண்டியதில்ல. ஆனா முதல்லயே தூவிட்டா கருகிடும். 180 டிகிரியில அலுமினியத் தாள் மூடி 25 நிமிஷம், அப்புறம் தாளை எடுத்து வர்க்கி தூவி இன்னொரு 10 நிமிஷம். எடுத்த உடனே வெட்டாதீங்க. கொஞ்ச நேரம் விட்டாத்தான் சாஸ் உள்ள செட் ஆகும், துண்டு துண்டா எடுக்க வரும்.

நீங்கள்லாம் என்ன பண்றீங்க, சொல்லுங்க.

கோத்தகிரி நாகர்கோவில்காரன்:

அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதுக்குப் போய் ஓவன், மைதா, கரண்டு பில்லு எல்லாம் எதுக்கு? எங்க ஊர்ல விருந்துக்கு மறுநாள் பழங்கறி. சாம்பார், கூட்டு, பொரியல், எரிசேரின்னு மிஞ்சினது எல்லாத்தையும் ஒரே மண்சட்டியில கொட்டி, சின்னத் தீயில சுண்ட விட்டா முடிஞ்சுது. ஒவ்வொரு கறிக்கும் தனி ருசி போய் எல்லாம் சேர்ந்து புதுசா ஒண்ணு வரும். கூட பழைய சோறு. வேலைக்காக மலைக்கு வந்த பிறகும் எங்க வீட்ல இதுதான். கேசரோல்னா நிறைய பேர் சீஸ் வேற போடுவாங்க. சீஸ் போட்டா எல்லாமே ருசிக்கும், அது சமையல்காரர் கெட்டிக்காரத்தனம் இல்லையே!

ஊட்டி வாத்தியார்:

ரெண்டு பேரும் வேற வேற சமாச்சாரத்தைப் பேசறீங்க. ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் நான், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

ஊட்டி ஏறத்தாழ 2240 மீட்டர் உயரம். இங்க தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும். குன்னூர், வெலிங்டன் பக்கம் ஒண்ணு ரெண்டு டிகிரி கூட. ஈரம் இருக்கற வரைக்கும் கேசரோலோட உட்பக்கம் அந்தச் சூட்டைத் தாண்டாது, ஓவனை 180-ல வச்சாலும் 220-ல வச்சாலும் அதேதான். காத்தழுத்தம் குறைவு, டிசம்பர் ஜனவரியில காத்தும் வறண்டு இருக்கும், அதனால ஈரம் சீக்கிரம் ஆவியாகுது. வெலிங்டன் அம்மா சாஸை நீர்க்க வைக்கறதும், தாள் மூடறதும் அதுக்குத்தான் சரியா வருது.

மேல்பக்கம் கதை வேற. பொன்னிறமும் வறுத்த வாசனையும் வரணும்னா சுமார் 140 டிகிரிக்கு மேல போகணும். காய்ஞ்ச பரப்புதான் அந்தச் சூட்டுக்குப் போகும். ஆக, உள்ள ஈரம், மேல வறட்சி, ரெண்டும் ஒரே தட்டுல. பழங்கறியில இந்த மேல்பக்கமே கிடையாது. சட்டி அடியில பிடிக்கற முறுகல் பத்து மட்டும்தான் அதுக்குப் பக்கத்துல வரும். அதைச் சுரண்டித் தின்ன சண்டை போட்ட வீட்டுக்காரங்களுக்கு நான் சொல்றது புரியும்.

கொடைக்கானல் சமையல்காரர்:

வாத்தியார் ஐயா சொன்னதை நான் கையால கத்துக்கிட்டேன், காரணம் இப்பதான் தெரியுது.

நான் ரொம்ப வருஷம் இங்க ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வேலை பார்த்தேன். கொடைக்கானலுக்கும் அமெரிக்கச் சாப்பாட்டுக்கும் பழைய உறவு. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிங்க 1845-ல இங்க முதல் வீடுகளைக் கட்டினாங்க, 1901-ல அவங்க பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்துச்சு. அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச பழைய ஆளுங்க வந்து தங்கும்போதெல்லாம் கேசரோல் கேப்பாங்க. அவங்க ஊர்ல நவம்பர் மாசம் நாலாவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்து, வான்கோழிதான் பிரதானம். அவ்வளவு பெரிய பறவை ஒரு வேளையில தீருமா? மறுநாள் அந்தக் கறி, பறவை வயித்துல அடைக்கற ரொட்டி ஸ்டஃபிங், பீன்ஸ் எல்லாம் தட்டுக்குள்ள போயிடும்.

அங்க பெரும்பாலும் டப்பா சூப்தான் சாஸ். கேம்பல் கம்பெனி 1934-ல காளான் கிரீம் சூப் கொண்டுவந்தது. 1955-ல அதே கம்பெனி சமையலறையில டோர்கஸ் ரெய்லிங்கற அம்மா பீன்ஸ், அந்த சூப், பொரிச்ச வெங்காயம் மூணையும் சேர்த்து உருவாக்கினதுதான் கிரீன் பீன்ஸ் கேசரோல். வந்தவங்க அதைத்தான் கேப்பாங்க. டப்பாவுக்கு நான் எங்க போக? மொட்டுக்காளானைப் பொடியா நறுக்கி, மலைப்பூண்டு ரெண்டு பல் தட்டிப் போட்டு, காளான் விடற தண்ணி வத்தற வரைக்கும் வெண்ணெயில வதக்கி, மைதா தூவி, பாதி பாலும் பாதி எலும்பு வேகவச்ச தண்ணியுமா ஊத்துவேன். வான்கோழியா இருந்தாலும் கோழியா இருந்தாலும் அந்த எலும்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சாஸ்ல ருசியே அதுலதான் இருக்கு, பாலை மட்டும் ஊத்தினா ஆஸ்பத்திரிச் சாப்பாடாயிடும். மேல சின்ன வெங்காயத்தை வட்டமா நறுக்கி முறுகப் பொரிச்சுத் தூவினேன். டப்பா சூப்பை மறந்துட்டு அதையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

நாகர்கோவில் தம்பி சீஸைப் பத்திச் சொன்னது பாதி நியாயம். சீஸை அள்ளிப் போட்டா எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கும், கீழ இருக்கற எதுவும் தெரியாது. ஒரு கைப்பிடி போதும், அதுவும் கடைசி பத்து நிமிஷத்துல.

கூடலூர்க்காரன்:

ஓவன் இல்லாத வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன். எங்க தாத்தா 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில கண்டிப் பக்கத்துல இருந்து வந்தவர், பிறகு டான்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்துல தொழிலாளர் லயன் வீட்ல குடியிருந்தோம். தீபாவளிக்கு மறுநாள் மிஞ்சின ஆட்டுக்கறிக் குழம்பும் காய்ஞ்ச இட்லியும் இருக்கும். ஆத்தா அலுமினியச் சட்டியில எண்ணெய் தடவி இட்லியை உதிர்த்துப் போட்டு, மேல கறியும் குழம்பும், திரும்ப இட்லி, அதுக்கு மேல வெங்காயம் பச்சமிளகாய் போட்டு அடிச்ச முட்டை. பெரிய சட்டியில மணல் பரப்பி, அதுக்குள்ள இந்தச் சட்டியை வச்சு, மூடி மேல தணல் அள்ளிப் போடும். கவாத்து வெட்டின தேயிலைக் கட்டைதான் விறகு. நல்லா காய்ஞ்ச கட்டைன்னா தணல் ரொம்ப நேரம் நிக்கும்.

கீழ நெருப்பு கம்மியா, மேல தணல் ஜாஸ்தியா இருக்கணும். முட்டை உப்பி, மேல பழுப்பு ஏறியிருக்கும், உள்ள இட்லி குழம்பைக் குடிச்சு மெத்துன்னு இருக்கும். அதுக்குப் பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாது, "தணல் இட்லி"ன்னுதான் சொல்லுவோம். இப்போ என் வீட்ல ஓடிஜின்னு சின்ன கரண்ட் ஓவன் இருக்கு, ஆனா அந்தப் புகை வாசனை வர்றதில்ல.

வெலிங்டன் அக்கா:

தம்பி, இட்லி யோசனை எனக்குத் தோணவே இல்லையே! சோத்தைவிட இட்லி சாஸை நல்லா இழுக்கும்னு தோணுது. பொங்கலுக்கு மறுநாள் பண்ணிடறேன்.

ஊட்டி நர்ஸ்:

எல்லாரும் ருசியைப் பேசறீங்க, நான் கொஞ்சம் கடுப்பான விஷயம் பேசறேன், மன்னிக்கணும். "மலைக்குளிர்தானே, ஃப்ரிட்ஜ் எதுக்கு"ன்னு கறியையும் சோத்தையும் ராத்திரி முழுக்க ஜன்னலோரம் வைக்கறவங்க இங்க நிறைய பேர். ஊட்டிப் பக்கத்துத் தலைக்குந்தாவுல புல் மேல உறைபனி விழுதுங்கறது உண்மைதான். உங்க சமையலறை அவ்வளவு குளிராது, காலையில வெயிலும் வந்துடும். சமைச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள, ஆழமில்லாத பாத்திரத்துல பிரிச்சு, ஃப்ரிட்ஜ்ல 5 டிகிரிக்குக் கீழ. மூணு நாலு நாளைக்கு மேல வேணாம்.

சோறு இன்னும் மோசம். பேசில்லஸ் செரியஸ்னு ஒரு கிருமி, அதோட வித்து வேகவச்சாலும் சாகாது. சோறு வெளிய கிடந்தா அது முளைச்சு நஞ்சைக் கக்கும், அந்த வாந்தி நஞ்சு திரும்ப சூடு பண்ணினாலும் அழியாது. அதனால வெளிய கிடந்த நெய்ச்சோத்தை ஓவன் காப்பாத்தும்னு நம்பாதீங்க. கேசரோல் நடுவுல 74 டிகிரி வரணும். வாத்தியார் சொன்ன 92-க்கு அது கீழதான், அதனால மலையிலயும் தாராளமா வரும். ஃப்ரிட்ஜ்லேர்ந்து நேரா எடுத்து வச்சா 25 நிமிஷம் பத்தாம போகலாம், நடுவுல கத்தியைச் செருகி எடுத்து முனையைத் தொட்டுப் பாருங்க, சுடணும். இறைச்சி தெர்மாமீட்டர் இருந்தா இன்னும் நல்லது.

கோத்தகிரி நாகர்கோவில்காரன்:

நர்ஸ் அக்கா, பழங்கறிக்கும் இதே சட்டம்தானே? எங்க அம்மா ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல காலையும் மாலையும் கொதிக்க வச்சே காப்பாத்தினாங்க.

அப்புறம் ஒண்ணு சொல்லணும். பொங்கல் விருந்து மிச்சத்துல பாதியைச் சட்டியில வழக்கம்போல சுண்ட வச்சேன். மீதியைத் தட்டுல போட்டு, மேல கோத்தகிரி உருளைக்கிழங்கை மசிச்சுப் பூசி, முள்கரண்டியால கோடு கீறி ஓவன்ல வச்சேன். கோடு கீறின முகடெல்லாம் முறுகி வந்துச்சு. பிள்ளைங்க அந்தத் தட்டைத்தான் காலி பண்ணினாங்க. நான் சட்டிப் பக்கம்தான், அதுல மாற்றமில்ல. வத்தக்குழம்பை மட்டும் இதுல சேர்க்காதீங்க, பால் சாஸோட புளி சேர்ந்தா திரிஞ்சு போகும். சாஸே வேணாம், கூட்டுல இருக்கற பருப்பும் தேங்காயுமே போதும்.

ஊட்டி நர்ஸ்:

ஆமா தம்பி, பழங்கறிக்கும் அதேதான். தேங்காய் அரைச்ச கூட்டும் தயிர் சேர்த்த அவியலும் சீக்கிரம் கெடும், அதுல கூடுதல் கவனம். எடுத்த பங்கை ஒரு தடவை சூடு பண்ணி அன்னைக்கே முடிச்சிடுங்க.

கோடை மருமகள்:

என்கிட்ட கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ்தான் இருக்கு. எவர்சில்வர் தட்டு வைக்கலாமா?

கொடைக்கானல் சமையல்காரர்:

கன்வெக்‌ஷன் மோடுல மட்டும் ஓட்டினா வைக்கலாம்மா, மைக்ரோவேவ் மோடுல கூடாது. அலுமினியத் தாளுக்கும் அதே கதைதான், மிஷினோட வந்த புத்தகத்தை ஒரு தடவை பாத்துக்குங்க. ஃபேன் ஓடும், சீக்கிரம் காயும், அதனால 160-ல வச்சு, சாஸ் இன்னும் கால் கப் கூட ஊத்துங்க.